கிளோன்மக்னாய்ஸை இடித்தது யார்?

அயர்லாந்துக்குப் புறப்படும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஷானன் ஆற்றங்கரையில் இருக்கும் கிளோன்மக்னாய்ஸ் என்ற பழைய மடத்தை வைக்கிங் கொள்ளையர்கள்தான் அழித்தார்களா? கூரையில்லாத சுவர்களைப் பார்க்க அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?"

கட்டாயம் போங்கள். ஒரு முழு நாளை அதற்கென்று ஒதுக்குங்கள். ஆனால் வைக்கிங்குகள் இடித்த மடம் என்ற நினைப்போடு போகாதீர்கள். அப்படிப் போனால் அந்தக் கற்களைத் தவறாகவே படிப்பீர்கள். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளில் மடம் தாக்கப்பட்ட கணக்கைப் நிகழ்ச்சிகளை ஆண்டு வாரியாகக் குறித்துவைத்த பழைய ஐரிஷ் ஆண்டேடுகளிலிருந்து ஆய்வாளர்கள் தொகுத்திருக்கிறார்கள். வைக்கிங்குகள் வந்தது குறைந்தது 7 முறை. பின்னால் இங்கிலாந்திலிருந்து வந்த நார்மன்கள் குறைந்தது 6 முறை. ஐரிஷ்காரர்களே படை திரட்டி வந்து சூறையாடியது குறைந்தது 27 முறை. அந்த மடத்துக்குக் கோயில், அதாவது தேவாலயம், கட்டிக்கொடுத்தவர்களும் ஐரிஷ் மன்னர்கள்தான், கொளுத்தியவர்களில் பெரும்பாலோரும் ஐரிஷ் மன்னர்கள்தான். கடைசி அடியைக் கொடுத்தது 1552-இல் பக்கத்து ஊரான அத்லோனிலிருந்து வந்த ஆங்கிலேயப் படை. அதற்குள் வைக்கிங்குகளின் காலம் முடிந்து ஐந்நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஏன் அத்தனை பேரும் அந்த ஒரு மடத்தைத் தேடி வந்தார்கள்? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அயர்லாந்தின் நட்டநடு. வடக்கிலிருந்து தெற்காக ஓடும் ஷானன் அந்நாட்டின் மிக நீளமான ஆறு, அன்றைய நீர்வழிப் பெருஞ்சாலை. கிழக்கு மேற்காக இன்னொரு வழி உண்டு. பனியுகத்தில் பனிப்பாறைக்கு அடியில் ஓடிய நீர் சுமந்துவந்து கொட்டிய மணலும் சரளையும், பனி உருகிய பிறகு நீண்ட கரைபோல் நின்றுவிட்டன. எஸ்கர் என்று அதற்குப் பெயர். இருபுறமும் ஆளை விழுங்கும் சதுப்பு நிலம். மேட்டின் முதுகில் மட்டும் காலில் சேறு படாமல் நடக்கலாம், வண்டி ஓட்டலாம். 'பெரிய சாலை' என்று பொருள்படும் ஸ்லீ மோர் அதன்மேல்தான் போயிற்று. அந்தச் சாலை ஆற்றைக் கடக்கும் இடத்தில் மடம் இருக்கிறது. 1990-களில் மூழ்கு ஆய்வாளர்கள் ஆற்றின் அடியில் ஓக் மரத் தூண்களின் வரிசையைக் கண்டுபிடித்தார்கள். மர வளையங்களை எண்ணிக் காலம் கணித்தபோது கி.பி. 804 என்று வந்தது. நூறு மீட்டருக்கும் நீளமான ஒரு மரப்பாலம் அங்கே இருந்திருக்கிறது. உலகைத் துறந்தவர்கள் ஒதுங்கியிருந்த மூலை என்று இன்று நமக்குத் தோன்றும் அந்த இடம், உண்மையில் நாட்டின் நாற்சந்தி.

இதில் ஒரு முரண் உண்டு. மடத்தை நிறுவிய புனித கியரான் செல்வத்துக்கு அஞ்சியவர். தேர் செய்யும் தச்சரின் மகன். குளோனார்ட் மடத்தில் துறவி ஃபின்னியனிடம் படித்தார், பிறகு அரான் தீவில் துறவி எண்டாவிடம் இருந்தார். அங்கே ஒரு காட்சி கண்டாராம்: அயர்லாந்தின் நடுவில் ஓர் ஆற்றங்கரையில் ஒரு பெருமரம், அதன் நிழல் தீவு முழுவதும் படர்ந்திருந்தது. "அந்த மரம் நீதான், போய் ஆற்றங்கரையில் கோயில் கட்டு" என்றார் எண்டா. கியரான் இடம் தேடி வருகிறார். ஆர்ட் மந்தான் என்ற வளமான, அழகான இடம் கிடைக்கிறது. இங்கே தங்கினால் உலகச் செல்வம் நிறையச் சேரும், ஆனால் இங்கிருந்து விண்ணுலகம் போகும் ஆன்மாக்கள் குறைவாகவே இருக்கும் என்று சொல்லி அதை விட்டு நகர்ந்தார் என்கிறது அவருடைய வாழ்க்கை வரலாறு. அப்படி நகர்ந்து வந்து அமர்ந்த இடம்தான் கிளோன்மக்னாய்ஸ். ஆண்டு 544 என்றும் 548 என்றும் சொல்கிறார்கள். முதல் கம்பத்தை நட்டபோது டியர்மட் என்ற இளவரசன் அவரோடு சேர்ந்து கம்பத்தைப் பிடித்தான், பின்னர் அவனே அயர்லாந்தின் பேரரசன் ஆனான். கியரான் அதிக நாள் இருக்கவில்லை. வந்து ஏழு மாதங்களில், ஏறத்தாழ 33 வயதில், நாட்டைத் தாக்கிய மஞ்சள் கொள்ளைநோயில் இறந்துபோனார். அவர் ஓடி ஒதுங்கிய உலகச் செல்வமோ அவர் கல்லறையைத் தேடி வந்து குவிந்தது.

இருநூறு ஆண்டுகளுக்குள் அது ஊராகிவிட்டது. மடம் என்றதும் நாலு துறவிகளும் ஒரு தோட்டமும் என்று கற்பனை செய்துவிடாதீர்கள். துறவிகள் சிறு பகுதிதான். மற்றவர்கள் உழவர்கள், கொல்லர்கள், வெண்கலமும் பொன்னும் உருக்குகிறவர்கள், மான்கொம்பில் சீப்பு செய்கிறவர்கள், பிள்ளை குட்டிகளோடு குடியிருந்த குடும்பங்கள். 1179-இல் ஒரே தீயில் 105 வீடுகள் எரிந்தன என்ற குறிப்பு ஒன்றே போதும் அதன் அளவைச் சொல்ல. ஊர் என்று ஆனபின் ஊர்ச்சண்டையும் வரும். 760-இல் பர் என்ற மடத்தோடு போர். 764-இல் டரோ மடத்தோடு போர், அதில் டரோ தரப்பில் 200 பேர் செத்தார்கள். இரண்டு தரப்பும் துறவி மடங்கள். வைக்கிங்குகள் அயர்லாந்துக் கரையில் முதன்முதலாகத் தென்படுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முந்தைய சங்கதி இது.

காஷல் நகரத்து மன்னன் ஃபெலிமி இன்னும் ஒரு படி மேலே போனான். அவனே சமயத் துறையில் இருந்தவன். 833-இல் கிளோன்மக்னாய்ஸ் மடத்தாரைக் கொன்று, மடத்து நிலங்களைக் கோயில் வாசல்வரை கொளுத்தினான். மறுபடி 846-இல் வந்தான். அன்று கியரானே ஆவியாக வந்து தன் மேய்ப்பர் கோலால் அவன் வயிற்றில் குத்தினார், அந்த உள்காயத்திலேயே மறு ஆண்டு செத்தான் என்று ஆண்டேடு எழுதுகிறது. மடத்தாரின் ஆற்றாமை அந்த வரியில் அப்படியே இருக்கிறது. எதிர்க்க ஆயுதம் போதவில்லை, ஏட்டில் பழிதீர்த்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு பெரிய கோயிலின் முன்னால் போய் நில்லுங்கள். 909-இல் கட்டியவர்கள் பேரரசன் ஃப்ளான் சின்னாவும் மடாதிபதி கோல்மானும். 'சின்னா' என்றால் ஷானன், அதாவது ஷானன்கரை ஃப்ளான். முந்தைய ஆண்டுதான் அவன் காஷல் மன்னன் கோர்மக்கைப் போரில் வென்றிருந்தான். கோர்மக் ஆயராகவும் இருந்தவர், அந்தப் போரிலேயே கொல்லப்பட்டார். அந்த வெற்றியின் சூடு ஆறுமுன் எழும்பிய கோயில் இது. சுவரின் மூலைகளில் கல் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். மரத்தால் கோயில் கட்டிய காலத்தில் கூரையைத் தாங்கிய மூலைக்கால்களின் நினைவு அது. கல்லுக்கு மாறிய பிறகும் தச்சனின் பழக்கம் விடவில்லை. அடுத்து மேற்கு வாசல். அது சுவரின் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். கொத்தனாரின் பிழை என்று பலர் நினைக்கிறார்கள். பின்னொரு காலத்தில் தெற்குச் சுவரை ஏறத்தாழ 2 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டினார்கள், வாசலை மட்டும் நகர்த்தவில்லை. கோயில் ஒடுங்கியது, வாசல் பழைய அகலத்தைச் சொல்லிக்கொண்டே நிற்கிறது. அங்கே எனக்கு மிகவும் பிடித்த இடம் எதுவென்று கேட்டால் இந்த ஒதுங்கிய வாசலைத்தான் சொல்வேன்.

வடக்கு வாசல் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மேலே புனித பேட்ரிக், இருபுறமும் பிரான்சிஸும் டொமினிக்கும். வளைவின் பள்ளத்தில் ஒரு பக்கம் வாயை வைத்து முணுமுணுத்தால் மறுபக்கம் காது வைத்தவருக்குக் கேட்கும். தொழுநோயாளிகள் குருவை நெருங்காமல் பாவசங்கீர்த்தனம் செய்ய இப்படி அமைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையை ஒருபுறம் வைத்துவிட்டு, உடன் வருபவரை அந்தப் பக்கம் நிறுத்திச் சோதித்துப் பாருங்கள்.

ஃப்ளானும் கோல்மானும் விட்டுச்சென்ற இன்னொன்று 'மறைநூல் சிலுவை'. ஒரே மணற்கல்லில் செதுக்கியது, 4 மீட்டர் உயரம். வெளியே வெயிலில் நிற்பது நகல்தான். மழையில் கரைந்துகொண்டிருந்த மூலக் கல்லை 1990-களின் தொடக்கத்தில் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், வாசலில் உள்ள காட்சிக்கூடத்தில் இருக்கிறது. அங்கே அவசரப்படாதீர்கள். மேற்கு முகத்தின் அடியில் கிறிஸ்துவின் கல்லறை: வாளும் ஈட்டியுமாகக் காவலர்கள் தலைகுனிந்து தூங்குகிறார்கள், கீழே துணியில் சுற்றப்பட்ட உடல், அதன் வாயருகே ஒரு பறவை அலகை நீட்டுகிறது. உயிர்மூச்சு திரும்பும் கணத்தை அந்தச் சிற்பி ஒரு பறவையாகக் காட்டியிருக்கிறான். கிழக்கு முகத்தின் அடியில் இரண்டு பேர் நடுவில் ஒரு கம்பத்தைப் பிடித்து நிற்கிறார்கள். கியரானும் டியர்மட்டும் முதல் கம்பத்தை நடுகிறார்கள் என்பார்கள் சிலர். ஃப்ளானும் கோல்மானும் என்பார்கள் சிலர். சிற்பி இரண்டையும் சேர்த்தே நினைத்திருப்பான் என்பது என் எண்ணம். மன்னனும் மடமும் ஒரே கம்பத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லத்தானே அந்தச் சிலுவையே எழுந்தது?

செல்வம் எப்படிக் குவிந்தது, எப்படிப் போனது என்பதற்கு ஆண்டேட்டில் ஒரு திருட்டு வழக்கு இருக்கிறது. 1129-இல் பெரிய கோயிலின் பலிபீடத்திலிருந்து அருங்கலங்கள் களவுபோயின: சாலமோன் ஆலயத்தின் வடிவில் செய்த ஒரு பேழை, மன்னன் டர்லோ ஓ கானர் கொடுத்த வெள்ளிக் கிண்ணங்கள், பொன் பதித்த கொம்பு. மறு ஆண்டு லிமரிக் நகரத்தில் கில்லா கோம்கான் என்பவனிடம் பொருள்கள் அகப்பட்டன. அவன் கார்க், லிஸ்மோர், வாட்டர்ஃபோர்டு என்று துறைமுகம் துறைமுகமாக அலைந்து கடல் தாண்டப் பார்த்திருக்கிறான். மற்றக் கப்பல்களுக்கெல்லாம் காற்று அடித்தது, அவன் ஏறிய கப்பலுக்கு மட்டும் அடிக்கவில்லை. தூக்கில் போடும் முன், ஒவ்வொரு கப்பலையும் கியரான் தம் கோலால் தடுத்து நிறுத்தியதைக் கண்ணால் கண்டேன் என்று ஒப்புக்கொண்டானாம்.

பொன்னைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது ஏடு. கியரானிடம் கபிலைப் பசு ஒன்று இருந்தது, அதன் தோலில் எழுதியது என்ற நம்பிக்கையில் ஒரு நூலுக்குக் 'கபிலைப் பசுவின் நூல்' என்று பெயர் வந்தது. கிளோன்மக்னாய்ஸில் எழுதப்பட்டது. முழுக்க ஐரிஷ் மொழியிலேயே அமைந்து இன்று எஞ்சியிருக்கும் ஏடுகளில் மிகப் பழையது அதுதான். கூலி நாட்டு ஆநிரை கவர்தல் என்னும் பெருங்கதையின் கிடைத்திருக்கும் மிகப் பழைய பாடம் அதில் இருக்கிறது. கிறிஸ்தவ மடத்தில் உட்கார்ந்து, கிறிஸ்துவுக்கு முற்பட்ட வீரர்களின் மாட்டுச் சண்டையைத் துறவிகள் பொறுமையாகப் படியெடுத்திருக்கிறார்கள். அவர்கள் எழுதாவிட்டால் அந்தக் கதை இந்த வடிவில் நம் கைக்கு வந்திராது. எழுதியவர்களில் ஒருவர் மேல் முய்ரே. 1106-இல் பெரிய கோயிலுக்குள்ளேயே கொள்ளையர் கையில் இறந்தார். அவர் எழுதிய ஏடு பிழைத்தது. 14-ஆம் நூற்றாண்டில் அதைச் சிறைப்பட்டவர்களை மீட்கப் பிணைப்பொருளாகக் கொடுத்திருக்கிறார்கள், 1470-இல் படையெடுத்துப் போய் மீட்டிருக்கிறார்கள். 67 தோல் இதழ்கள் இன்று டப்ளினில் ராயல் ஐரிஷ் அகாடமியில் இருக்கின்றன. டப்ளின் வழியாகத்தான் போவீர்கள் என்றால், அது காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

கோபுரங்கள் இரண்டு. பெரியது ஓ ரூர்க் கோபுரம், 1124-இல் கட்டி முடித்தார்கள். மணி அடிக்கும் கூண்டு அது. வைக்கிங்குகளுக்குப் பயந்து ஒளிந்துகொள்ளக் கட்டியது என்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்வதை நம்ப வேண்டாம். ஐரிஷ் மொழியில் அதன் பெயரே மணிவீடு என்றுதான் பொருள்படும். தவிர, 1124-இல் வைக்கிங் அச்சமே கிடையாது. பதினொரு ஆண்டுகள்தான் முழுசாக நின்றது. 1135-இல் இடி விழுந்து தலை போயிற்று. இன்று 20 மீட்டர் அளவில் மொட்டையாக நிற்கிறது. ஆற்றங்கரை ஓரமாக, ஃபின்கின் கோயிலோடு ஒட்டிய சிறு கோபுரம் தலையோடு இருக்கிறது. அதன் கூம்புக் கூரையில் கற்களை மீன்முள் வரிசைபோல் சாய்த்து அடுக்கியிருப்பார்கள், அண்ணாந்து பாருங்கள்.

வளாகத்தில் உள்ள கோயில்களுக்கு ஆங்கிலத்தில் 'டெம்பிள்' என்றே பெயர். லத்தீன் 'டெம்ப்லம்' ஐரிஷில் 'டெம்பல்' ஆகித் தேவாலயத்தைக் குறித்தது, அவ்வளவுதான். வேறு சமயத்துக் கோயில் ஏதும் அங்கே இல்லை. அவற்றில் மிகச் சின்னது டெம்பிள் கியரான், உள்ளே ஏறத்தாழ 4 மீட்டருக்கு 3 மீட்டர்கூட வராது. கியரான் அங்கே புதைக்கப்பட்டார் என்பது நம்பிக்கை. சுற்றுவட்டாரத்து உழவர்கள் அந்தத் தரையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப்போய் வயலின் நான்கு மூலையிலும் போட்டார்கள், பயிருக்கும் மாட்டுக்கும் காவல் என்று. தலைமுறை தலைமுறையாக எடுத்து எடுத்துத் தரை பள்ளமாகி, கடைசியில் பலகைக் கல் பாவ வேண்டியதாயிற்று. சுவர்கள் சாய்ந்து நிற்கின்றன. இடிந்ததற்கு எல்லாம் பகைதான் காரணம் என்று எண்ணக்கூடாது. இங்கே அன்பும் கொஞ்சம் தோண்டியிருக்கிறது.

மன்னர்கள் அங்கே புதையுண்பதற்கு ஆசைப்பட்டார்கள். டர்லோ ஓ கானர் 1156-இல் அங்கே அடக்கமானான். அவன் மகன், அயர்லாந்தின் கடைசிப் பேரரசன் ரோரி ஓ கானர், 1198-இல் அங்கேயே அடக்கமானான். அதோடு மடத்தின் புரவலர் வரிசையும் முடிந்துவிட்டது. 1210 வாக்கில் நார்மன்கள் அத்லோனில் கோட்டையும் பாலமும் கட்டினார்கள். ஆற்றைக் கடக்கும் போக்குவரத்து அங்கே திரும்பியது. 1214-இல் மடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கோட்டை எழும்பியது. இன்று அது விழப்போவதுபோல் சாய்ந்து நிற்பதைக் கார் நிறுத்துமிடத்திலிருந்தே பார்க்கலாம். ஐரோப்பாவிலிருந்து வந்த சிஸ்டர்சியன், பிரான்சிஸ்கன் துறவற சபைகள் இளைஞர்களை இழுத்துக்கொண்டன. ஆக, கிளோன்மக்னாய்ஸ் தீயில் சாகவில்லை. தீ வைத்தபோதெல்லாம் மறுபடி கட்டிக்கொண்டார்கள், கட்டிக்கொடுக்க ஆள் இருந்தவரை. சாலையும் மன்னனும் போன பிறகு கட்ட ஆளில்லை. அந்த நிலையில்தான் 1552 வந்தது. பெரிதோ சிறிதோ ஒரு மணியை, ஒரு திருவுருவத்தை, ஒரு பலிபீடத்தை, ஒரு நூலை, ஒரு மணிக்கல்லை, ஜன்னலில் இருந்த கண்ணாடியைக்கூட விட்டுவைக்கவில்லை என்று 'நான்கு ஆசான்களின் ஆண்டேடு' எழுதுகிறது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடிதான் எனக்கு உறுத்தும். 27 முறை வந்தவர்கள் யாரும் ஜன்னலைக் கழற்றவில்லை.

காட்சிக்கூடத்தில் கல்லறைப் பலகைகளின் வரிசையை விட்டுவிடாதீர்கள். 700-க்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன, முற்காலக் கிறிஸ்தவக் கல்லறைப் பலகைகளில் மேற்கு ஐரோப்பாவிலேயே ஓரிடத்தில் கிடைத்த பெரிய தொகுதி. பலவற்றில் 'ஓர் டோ' என்று தொடங்கும். இன்னாருக்காக ஒரு வேண்டுதல் என்று பொருள். பெயருக்குமேல் பெரும்பாலும் எதுவும் இருக்காது, பட்டமோ புகழுரையோ அரிது. ஒன்றில் 'துவாஹல் சேர்' என்று இருக்கிறது. சேர் என்றால் கைவினைஞன், தச்சன். அங்கே வேலை செய்த ஒருவன், தன் தொழிலைச் சேர்த்து எழுதும் அளவுக்கு ஊர் மதித்த ஒருவன்.

அத்லோனிலிருந்து சாலை வழியாக 20 கிலோமீட்டர் அளவில் வரும். பெரும்பாலோர் சுற்றுச்சுவருக்குள்ளேயே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டிக் கிழக்கே போகும் பாதையில் சில நிமிடம் நடங்கள். தனியாக, வேலிக்குள், கன்னியர் கோயில் இருக்கிறது. 1167-இல் கட்டி முடித்தவள் டெர்வோர்கிலா. மீத் நாட்டு மன்னன் மகள், மன்னன் டியர்னான் ஓ ரூர்க்கின் மனைவி. 1152-இல் லென்ஸ்டர் மன்னன் டெர்மட் மக்மரோ அவளைக் கவர்ந்து சென்றான், மறு ஆண்டு திரும்பி வந்தாள். பின்னர் 1166-இல் நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட மக்மரோ ஆங்கிலேய மன்னனிடம் உதவி கேட்டுப் போக, 1169-இல் நார்மன்கள் வந்து இறங்கினார்கள். அதற்காக அயர்லாந்து அடிமைப்பட்ட பழியையே நூற்றாண்டுக் கணக்கில் இந்த ஒரு பெண்ணின் தலையில் சுமத்தினார்கள். மீத் நிலத்துக்காக ஆண்கள் பல ஆண்டுகள் அடித்துக்கொண்டதன் விளைவு அது; பழி அவளுக்குப் பொருந்தாது. அவள் செய்ததாக உறுதியாக நிற்பது இந்தக் கோயில்தான்.

அதுவும் ஒருகாலத்தில் சரிந்து கிடந்தது. 1865-இல் கில்கென்னியைச் சேர்ந்த தொல்லியல் சங்கத்தார் விழுந்த கற்களைப் பொறுக்கி, வாசல் வளைவையும் கருவறை வளைவையும் மறுபடி பொருத்தினார்கள். மேற்கு வாசலின் வளைவில் விலங்குத் தலைகள் வரிசையாக உருண்டைக் கல்விளிம்பைப் பல்லால் கவ்வியிருக்கும். மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் அந்தப் பற்கள்கூடத் தனித்தனியாகத் தெரியும்.